சிறுவர் ஏடிவியில் பெரியவர்கள் வண்டியின் ஷாக் அப்சார்பரைப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, எடை 32 கிலோ. 110 சிசி சிறுவர் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஓட்டுகிறான். மேடு பள்ளங்களில் வண்டியின் பின்பக்கம் அவனைத் தூக்கிப் போடுகிறது. பெரியவர்கள் வண்டியின் ஷாக் அப்சார்பரைப் பின்னால் பொருத்தலாமா? சற்று நீளமானதாகப் போட்டால் தரையிலிருந்து உயரமும் கிடைக்கும் அல்லவா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஷாக்கை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. இந்த வகை வண்டிகளோடு வரும் பின்பக்க ஷாக் பெரும்பாலும் மிக எளிமையானது. நல்லதாக ஒன்றைப் போட்டால் முதல் பள்ளத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் அது 32 கிலோ பையனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரியவர்கள் வண்டியின் ஸ்பிரிங் 80 கிலோ ஆளையும் அதைவிடக் கனமான வண்டியையும் தாங்கச் செய்யப்பட்டது. உங்கள் மகன் ஏறி உட்கார்ந்தால் அது அசையக்கூட அசையாது. அமுங்காத ஸ்பிரிங் மேட்டின் அடியை அப்படியே இருக்கைக்கு அனுப்பும். பையனின் இடுப்பு எழும்பும், உடல் ஹேண்டில்பார் மீது சாயும். இப்போது இருக்கும் தொல்லை இரட்டிப்பாகும்.

நீளமான ஷாக்கைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஷாக் 1 மில்லிமீட்டர் அமுங்கும்போது சக்கரம் 2 மில்லிமீட்டர் நகரும் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் நீளமான ஷாக் போட்டால் பின்பக்கம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உயரும். எடை முன்பக்கம் சாயும், ஸ்டீயரிங் படபடவென்று திரும்பும், செயின் ஸ்விங் ஆர்மில் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) உரசும். எல்லாவற்றையும்விட, வண்டி கவிழ்வது எளிதாகும். இந்த வண்டிகளில் குழந்தைகள் மோசமாக அடிபடுவது பெரும்பாலும் வண்டி கவிழ்ந்து மேலே விழும்போதுதான். கூடுதல் உயரத்துக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

ஷாக் வாங்கும் முன் வேறு இரண்டைப் பாருங்கள். முதலில் டயர் காற்று. சிறுவர் ஏடிவி டயர்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓட வேண்டியவை. பலவற்றில் 2 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். கார் டயருக்கு அடிப்பதுபோல் அடித்துவிட்டால் எந்த ஷாக்கும் உதவாது, வண்டி பந்துபோல் குதிக்கும். அடுத்து, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் அதன் இணைப்பில் இருக்கும் புஷ் (உராய்வைத் தாங்கும் சிறு குழாய்) தேய்ந்திருக்கிறது. அதை முதலில் மாற்றுங்கள்.

இப்போது அளவெடுப்போம். பின்சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்து குறியுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, ஒருமுறை அமுக்கிவிட்டு மறுபடி அளங்கள். பிறகு மகனை ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்காரவைத்து மூன்றாவது முறை அளங்கள். முதல் அளவுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவில் சுமார் 30 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது சக்கரம் 120 மில்லிமீட்டர் அசையும் என்றால் 36 மில்லிமீட்டர்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விஷயமே இரண்டாவது அளவில்தான், அதாவது காலி வண்டி தன் எடையில் எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கின் மேல் வளையத்தைத் திருகி இறுக்கினால் வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங் கடினமாகாது. அதன் குணம் அப்படியேதான் இருக்கும். ஆகவே மகன் உட்கார்ந்தால் 36 வருகிறது, ஆனால் காலி வண்டி கொஞ்சமும் அமுங்கவில்லை என்றால், அது மென்மையான ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கிச் சமாளித்த நிலை. காலி வண்டியே நன்றாக அமுங்கி, மகன் ஏறியதும் ஏதும் மாறவில்லை என்றால், அது கடினமான ஸ்பிரிங்கைத் தளர்த்திவைத்த நிலை. இரண்டுக்கும் மருந்து ஸ்பிரிங்கை மாற்றுவதுதான்.

விலை குறைந்த ஷாக்குகளில் 750, 1000, 1200 என்று பவுண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இவ்வளவு எடை தாங்கும் என்று நினைத்துப் பெரிய எண்ணை வாங்குகிறார்கள். அது ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவைப்படும் விசை. எண் கூடினால் பிள்ளைக்குக் கடினம் கூடுகிறது, அவ்வளவே.

நீங்கள் சொல்லும் ‘தூக்கிப் போடுவது’ ஸ்பிரிங் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெய். அது கசிந்துவிட்டாலோ, நுரைத்துவிட்டாலோ, ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்குத் துள்ளும். இருக்கையை முழு பலத்தோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். பின்பக்கம் ஒரே வீச்சில் எழுந்து அடங்கினால் நல்லது. மேலும் கீழுமாக ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஷாக்கின் உள்ளே போய்வரும் தண்டின் மேல் மெல்லியதாக கிரீஸ் தடவி ஓட்டச் சொல்லிப் பாருங்கள். கிரீஸ் எதுவரை வழித்துத் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. கடைசிவரை போய் ‘டொக்’ என்று இடித்தால் ஸ்பிரிங் மென்மை. பாதிகூடப் போகவில்லை என்றால் கடினம்.

வாங்கும்போது பழைய ஷாக்கின் இரு கண்களுக்கும் (இரு முனைகளிலும் போல்ட் நுழையும் துளைகள்) இடையிலான நீளம், தண்டு அமுங்கும் தூரம், போல்ட் துளையின் விட்டம், புஷ்ஷின் அகலம் நான்கும் பொருந்த வேண்டும். காசு செலவழிப்பதாக இருந்தால் விரியும் வேகத்தைத் திருகி மாற்றக்கூடியதாகவும், தனியாக ஸ்பிரிங் மாற்றக்கூடியதாகவும் வாங்குங்கள். பிள்ளை வளர்கிறான், 32 கிலோ 40 ஆகும்போது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும். நைட்ரஜன் நிரப்பிய ஷாக்கை வீட்டில் திறக்கவே கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கும் அதற்கான கருவி வேண்டும். கயிறு கட்டிச் சமாளிக்கும் வேலை அல்ல அது.

முடிந்தால் முதலில் ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கைப் பொருத்தி, ஆக்சிலை மேலே தூக்கிப் பாருங்கள். டயர் மட்கார்டில் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். முன் ஸ்பிராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் போல்ட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த இடத்திலும் சற்றுத் தொய்வு வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கத்துக்குப் பாருங்கள்.

மூன்று அளவுகளையும், சக்கரத்தின் மொத்த அசைவையும், ஸ்பிரிங்கில் எண் இருந்தால் அதையும் கீழே எழுதுங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.