சாமுராய் ஜாக்: 52-க்கு அடுத்து 92 ஏன்?

சாமுராய் ஜாக் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரில் 52-வது எபிசோடுக்கு அடுத்து நேராக 92 வருகிறதே, நடுவில் விட்டுவிட்டேனா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. 53 முதல் 91 வரை எபிசோடுகளே கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

2001–2004ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தவை சீசனுக்கு 13 வீதம் 52. 2017ல் அடல்ட் ஸ்விம்மில் (அதே சேனலின் பெரியவர்களுக்கான இரவு நேரப் பிரிவு) வந்த ஐந்தாவது சீசன் 92ல் தொடங்கி 101ல் முடியும், பத்தே எபிசோடுகள். கதையில் ஐம்பது வருடம் ஓடிவிட்டதால், நடுவில் நாம் பார்க்காத சண்டைகள் நிறைய என்று உணர்த்தத்தான் இந்தத் தாவல் என்பது என் கணிப்பு. எபிசோடு எண்ணை ரோமன் எண்களில் (92 என்பது XCII) போட்டிருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

உங்கள் ஆப்பில் முதல் நான்கு சீசன்களில் தலா 13 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குறைந்தால்தான் விடுபட்டிருக்கிறது.

பழசு மறந்துபோச்சு என்கிறீர்கள். 52-ஐயும் திரும்பப் பார்க்கத் தேவையில்லை:

1. எபிசோடு 1–3, ஒரே தொடர்கதை.
2. 11, 17: ஜாக்கின் நண்பனாகும் ஸ்காட்ஸ்மேன் என்ற வீரன் வருபவை.
3. 37–38: வில்லன் ஆக்குவும், ஜாக்கின் வாளும் உருவான கதை. இதை விடாதீர்கள்.

ஐந்தாவது சீசன் தொடங்கும்போது ஜாக்கிடம் வாள் இருக்காது. அது எங்கே போனது என்பது அந்த சீசனுக்குள்ளேயே வரும், பொறுங்கள். ஆக்குவின் குரல் மாறியது உங்கள் பிரமை இல்லை: முன்பு குரல் கொடுத்த மாக்கோ 2006ல் இறந்துவிட்டார், ஐந்தாவது சீசனில் பேசுவது கிரெக் பால்ட்வின்.

பிள்ளைகளோடு பார்க்கும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். முன்பு வெட்டுப்பட்டவை பெரும்பாலும் ரோபோக்கள், தெறித்தது எண்ணெய். ஐந்தாவது சீசனில் இரண்டாவது எபிசோடிலேயே மனித ரத்தம்.