பீச் பாய்ஸ் குழுவின் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் ஊளையிடுவது போல வரும் சத்தம் தெரமின் என்ற மின்னணு இசைக்கருவியினுடையதா? என் தெரமினில் அது ஏன் வரவில்லை?

அது தெரமின் இல்லை, எலக்ட்ரோ-தெரமின். பெயர்தான் ஒன்று போல, கருவி வேறு. உங்கள் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் எட்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

கிட் வாங்கி நானே சால்டர் செய்த தெரமின் என்னுடையது. தெரமினைத் தொடாமல்தான் வாசிக்க வேண்டும்: நிற்கும் கம்பியை நெருங்கினால் சுருதி ஏறும், வளையக் கம்பியை நெருங்கினால் சத்தம் அடங்கும். காற்றில் கைக்குப் பிடிமானம் கிடையாது. மூச்சு விட்டால்கூடச் சுருதி ஆடும். அந்தப் பாட்டின் வரியை எத்தனை முறை வாசித்தாலும் ஒவ்வொரு சுரத்தையும் தேடித்தான் பிடித்தேன்.

அப்புறம் ஒருநாள் பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டேன். சுரம் இழைந்துதான் போகிறது, ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது. எதையோ பிடித்துக்கொண்டு நகர்கிற கை அது!

தேடிப் படித்ததில் விஷயம் தெரிந்தது. கிளென் மில்லரின் அமெரிக்க ஜாஸ் குழுவில் டிராம்போன் (குழாயை இழுத்துத் தள்ளிச் சுரம் மாற்றும் ஊதுகருவி) வாசித்த பால் டானர், 1950களின் கடைசியில் பாப் விட்செல்லுடன் சேர்ந்து உருவாக்கிய பெட்டி அது. உள்ளே ஒரு ஆஸிலேட்டர், அதாவது சுரத்தை உண்டாக்கும் மின்சுற்று. அதன் சுருதிக் குமிழ் வெளியே இழுத்துத் தள்ளும் ஒரு பிடியோடு இணைந்திருக்கும். இழுத்து வாசிப்பது டிராம்போன்காரருக்குப் பழகிய வேலைதானே. 1966இல் அந்தப் பாட்டுக்கு வாசித்தவரும் அவரே.

பீச் பாய்ஸே அதைத் தெரமின் என்றுதானே சொன்னார்கள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சொன்னார்கள்தான். மேடையில் அவர்கள் வாசித்தது சிந்தசைசர் செய்த ராபர்ட் மூக்கின் ரிப்பன் கருவி, நாடாமேல் விரலை நகர்த்தி வாசிப்பது; அதையும் தெரமின் என்றே சொன்னார்கள். தெரமினை நான் மட்டம் தட்டவில்லை. கஷ்டமான, அழகான கருவி.

சோதனைக்காக மின் அலைகளை உண்டாக்கும் பழைய சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றின் குமிழில் நூலைச் சுற்றி, மர அளவுகோல்மேல் நகரும் கட்டையோடு கட்டினேன். சுர இடங்களைப் பென்சிலால் குறித்தேன். இரண்டாம் நாள் மாலை அந்தச் சத்தம் வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து புகார். நான் வாசித்தது மாலை 6 முதல் 7 வரை மட்டும். விடியற்காலை 5 மணிக்குத் தெருவில் அலறும் குழாய் ஸ்பீக்கரைப் பற்றி இவர்கள் ஒருநாளும் தட்டிக்கேட்டதில்லை. இப்போது ஹெட்போனில்தான் வாசிக்கிறேன். அந்தச் சத்தம் ஓர் அறையை நிறைக்க வேண்டியது, காதுக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது.