ஊசிப் புத்தகம் என்றால் என்ன? அதன் தாள்கள் ஏன் ஃபெல்ட் துணியில் இருக்கின்றன?

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தையல் பெட்டிக்குள் வைத்திருந்த சின்ன உறைதான் ஊசிப் புத்தகம். அட்டை துணியில், உள்ளே கம்பளித் தாள்கள்; அதில் ஊசிகளைச் செருகி வைப்பார்கள். ஊசி தொலையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

அன்றைய தாள்கள் பெரும்பாலும் ஃபிளானல் என்ற மென்மையான கம்பளித் துணி. அது நெய்த துணி என்பதால் ஓரம் பிரியும். ஓரத்தைப் பல் பல்லாக நறுக்கவோ தைக்கவோ வேண்டும். நெய்யாமல், கம்பளி இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்டுக்கு அந்த வேலையே இல்லை. அதில் ஊடும் பாவும் கிடையாது. கம்பளி இழைமேல் மீன்செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் இழைகள் பின்னிக்கொள்ளும். எண்ணெய் காணாத தலைமுடி சடை பிடிப்பது போலத்தான். பிரிந்துவர நூலே இல்லை. செருகிய ஊசியையும் எல்லாப் பக்கமும் இழைகள் கவ்விக்கொள்ளும்.

செய்வது எளிது. 16×10 செ.மீ. துணி அட்டை ஒன்று, 14×8 செ.மீ. ஃபெல்ட் தாள் இரண்டு. அடுக்கி, நடுவில் மடித்து, முதுகில் பின்தையல் போடுங்கள். மூட ஒரு பொத்தான் போதும். ஸ்டேஷனரி கடை ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர். பழகிப் பார்க்க அது சரி, நீடித்து உழைக்கக் கம்பளியே என் தேர்வு.

ஃபெல்டில் குத்தி வைத்தால் ஊசி கூராகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூராக்குவது எமரி என்ற கடினமான கல்லின் தூள் அடைத்த, ஸ்ட்ராபெரி வடிவக் குட்டிப் பொதி, ஃபெல்ட் ஊசியைப் பிடித்துவைக்க மட்டுமே.