ஹூஸ்டன் தம்பிக்கு: வாத்து வேட்டைக்கு எந்த பம்ப் துப்பாக்கி?

கேள்வி: அண்ணாச்சி, சொந்த ஊர் பாளையங்கோட்டை. நாலு வருஷமாக ஹூஸ்டனில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் நடுவில் வாத்து வேட்டைக்கு வா, பம்ப் துப்பாக்கி (முன்பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஒன்று வாங்கிக்கொள் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. உயரம் 5 அடி 5 அங்குலம். இடது கைக்காரன். 600 டாலர் வரை செலவழிக்கலாம். 'மூன்றரை அங்குல சேம்பர் எடு, எல்லாவற்றுக்கும் ஆகும்' என்கிறார் கடைக்காரர். சரிதானா? அந்த மாதக் கடைசியில் லீவில் ஊருக்கு வருகிறேன். நம்ம ஊர்க் குளத்தில் இறங்கும் வாத்தைச் சுட ஏதாவது வழி உண்டா?

பதில்: தம்பி, துப்பாக்கிப் பேச்சுக்கு முன்னால் உங்கள் விசாவைப் பேசிவிடுவோம். உங்களைக் கூப்பிட்ட அமெரிக்க நண்பர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி அதில் அடங்கும். அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் உண்டு: அங்குள்ள ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை இல்லை. ஆகவே முதலில் உரிமம், பிறகுதான் கடை. நண்பரின் துப்பாக்கியை அரை மணி நேரம் வாங்கிப் பிடிப்பதற்கும் இதே விதிதான். டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 அன்று உங்கள் அலமாரியில் அந்தத் துப்பாக்கி இருப்பதே குற்றமாகிவிடும். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் இப்படி ஒரு வழக்கை நீங்கள் இழுத்துக்கொள்ளக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஆனாலும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் படியுங்கள். துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆசிரியர் நிற்பது நல்லது. வாத்துக்கென்று 25 டாலரில் மத்திய அரசின் 'டக் ஸ்டாம்ப்' என்ற முத்திரை வாங்க வேண்டும். 1934 முதல் இருந்துவரும் வழக்கம் இது. அந்தப் பணத்தில்தான் அங்கே ஈரநிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். மாநிலத்தின் வலசைப் பறவை முத்திரை தனி.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். சேம்பர் என்பது குழலில் தோட்டா உட்காரும் அறை. கடைக்காரர் சொன்ன மூன்றரை அங்குலம் உங்களுக்கு வேண்டாம். நீளத் தோட்டாவில் ரவை, அதாவது உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள், கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பம்ப் துப்பாக்கியில் பின்னுதையை உறிஞ்ச எந்த ஏற்பாடும் கிடையாது. அத்தனை உதையும் நேராகத் தோளுக்குத்தான் வரும். புதிதாகச் சுடுகிறவர் நாலு தோட்டாவிலேயே பயந்து, விசையை இழுக்கும்போது கண்ணை மூட ஆரம்பித்துவிடுவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்க ஒரு சீசன் ஆகும். டெக்சாஸ் கடற்கரை நெல்வயல்களில் பதினோரு சீசன் சுட்டவன் நான். 12 போர் (குழல் அகலத்தின் கணக்கு; எண் கூடினால் குழல் குறுகல்), மூன்று அங்குல சேம்பர் போதாமல் எனக்கு ஒரு வாத்து தப்பியது இல்லை. தப்பியதெல்லாம் நான் முந்திச் சுட்டதாலோ தூரத்தைத் தப்பாகக் கணித்ததாலோதான். மூன்று அங்குல சேம்பரில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் போகும். பழகுவதற்கு அந்தச் சின்னத் தோட்டாவே போதும்.

உங்கள் உயரத்துக்கு நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தோளில் ஊன்றும் கட்டையின் நீளம். பிராண்டு அப்புறம்தான். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பொதுவாக 14 அங்குலம் இருக்கும். அது அங்குள்ள சராசரி ஆளுக்கு அளந்த நீளம். டிசம்பர் விடியலில் கனமான ஜாக்கெட்டும் போட்டால் உங்களுக்கு அது ஒரு அங்குலம் கூடுதல். துப்பாக்கியைத் தூக்கும்போது கட்டை அக்குளில் மாட்டும், தோளில் உட்காராது. கடைக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போங்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்த பிறகு, ஆள் இல்லாத பக்கம் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறங்கள். கன்னம் கட்டையில் படிந்திருக்க வேண்டும். குழலின் மேல்பட்டை ஒரே கோடாகத் தெரிந்து, குழல் நுனியில் உள்ள சின்ன மணி அந்தப் புள்ளிக்கு நேரே நிற்க வேண்டும். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி. பறக்கிற வாத்தைக் குறிபார்த்துச் சுட நேரம் இருக்காது. கண் போகிற இடத்துக்குக் குழலும் தானாகப் போக வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடு.

இடது கைக்காரர் என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்துப் பொருள் ஒன்றைக் கட்டைவிரலால் மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் இருக்கிறதோ அதுதான் வலுவான கண். அது இடது கண் என்றால் கவலையில்லை. வலது கண் என்றால், இப்போதே வலது தோளில் பழகிவிடுங்கள். ஒரு பழக்கமும் இல்லாதவருக்கு அது சுலபம்.

இடது தோள்தான் என்று முடிவானால் என் தேர்வு மாஸ்பெர்க் 500. 1961-இலிருந்து வருகிற மாடல் இது. பாதுகாப்புப் பொத்தான் உடலின் மேலே, பின்பக்கம், கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கும். எந்தக் கைக்கும் ஒரே வசதி. 1950-இல் வந்த ரெமிங்டன் 870 மிக நல்ல துப்பாக்கி, ஆனால் அதன் பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்கே, வலது கைக்காரருக்கு ஏற்ற மாதிரி இருக்கும். மாஸ்பெர்க்கிலும் காலித் தோட்டா வலப்பக்கம்தான் தெறிக்கும். உங்கள் முகத்துக்கு முன்னால் குறுக்கே போவது போலத் தெரியும். பத்து முறை சுட்டால் பழகிவிடும். அதுவும் வேண்டாம் என்றால் பிரௌனிங் பி.பி.எஸ். காலித் தோட்டாவைக் கீழ்ப்பக்கமாகவே தள்ளும். ஆனால் கனம் கூடுதல், உங்கள் பணத்துக்குப் பழையதுதான் கிடைக்கும். மாஸ்பெர்க்கின் சாதாரண மாடல் 500 டாலரை ஒட்டி முடிந்துவிடும். மீதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் வையுங்கள்.

குழல் 26 அல்லது 28 அங்குலம். கட்டை செயற்கைப் பொருளில், மினுக்கம் இல்லாத கறுப்பிலோ புல் நிறத்திலோ இருக்கட்டும். அந்தக் கடற்கரை உப்புக்காற்று உவரி, கூடங்குளம் பக்கத்துக் காற்று மாதிரிதான், இரும்பை ஒரே ராத்திரியில் தின்ன ஆரம்பிக்கும். வீடு திரும்பியதும் முதல் வேலை துடைத்து எண்ணெய் போடுவது. குளிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி ரவை. நம் பக்கம் பன்னிரண்டு போர் என்றாலே ஈய ரவைதான். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் 1991 முதல் நாடு முழுக்கத் தடை. வாத்து, இரையை அரைக்கச் சின்னச் சின்னக் கல்லை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று விழுங்கி, விஷமேறிச் சாகும். அதைத் தின்ற கழுகும் சாகும். அதனால் இப்போது பெரும்பாலும் எஃகு ரவைதான். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8 மட்டும். லேசான ரவை சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும். வாத்துக்கு எஃகில் 2-ஆம் எண் எடுங்கள். எண் குறையக் குறைய ரவை பெரிது. எஃகு நசுங்காது, அதனால் அதிகம் சிதறாமல் போகும். ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் இருக்கும் குறுக்கம்தான் 'சோக்'; அது நடுத்தர அளவான மாடிஃபைடு இருந்தால் போதும். மிகக் குறுகலான ஃபுல் சோக்கில் எஃகைப் போடாதீர்கள். முன்பே 40 கஜத்தில் பெரிய காகிதம் கட்டிச் சுட்டுப் பாருங்கள். 30 அங்குல வட்டத்துக்குள் ரவை சீராக விழுகிறதா, ஒரு பக்கம் ஓட்டையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் உங்கள் துப்பாக்கியை உங்களுக்குத் தெரியும்.

வேட்டையில் 35 கஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம். ஒன்றரைப் பிட்ச் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சுட்டால் வாத்து விழாது, அடிபட்டுப் பறந்து போய் எங்கோ புதரில் நாள் கணக்கில் துடித்துச் சாகும். அந்தப் பாவம் வேண்டாம்.

வலசைப் பறவைக்குத் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் ஒரு அடைப்புக் குச்சி இருக்கும், அதை எடுக்காதீர்கள். கடையிலேயே அது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கூட வருபவர் 20 போர் வைத்திருந்தால் அவருடைய தோட்டாவும் உங்களுடையதும் ஒரே பையில் இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளியே தெரியாது. பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போய்விடும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள். விழுந்து எழுந்தால், குழலுக்குள் சேறு இருக்கிறதா என்று தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கடைசிக் கேள்வி. நம் ஊரில் வழி இல்லை தம்பி. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வாத்து வேட்டையைத் தடை செய்திருக்கிறது. எந்தத் துப்பாக்கி உரிமமும் அதற்கு அனுமதி ஆகாது. 1994-இல் சரணாலயமான கூந்தன்குளத்துக்குள் சுட்டால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள்; கூந்தன்குளத்துக்காரர்கள் தங்கள் வீட்டு மரத்தில் பறவை கூடு கட்டுவதை அதிர்ஷ்டம் என்று நினைக்கிறவர்கள். குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். டெக்சாஸ் வயலில் நீங்கள் பார்க்கப்போகிற ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அதே இனமாக இங்கேயும் வருகின்றன. அங்கே எத்தனை சுடலாம் என்பதை வருஷா வருஷம் எண்ணிப் பார்த்து அரசு அளவு சொல்கிறது. இங்கே எண்ணுவது மட்டும்தான். லீவு ஜனவரி வரை நீண்டால் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். நானும் போகிறேன். நயினார்குளத்திலோ விஜயநாராயணத்திலோ சந்திக்கலாம். 8x42 பைனாகுலர் ஒன்று கொண்டுவாருங்கள்.

விமானம் ஏறும் முன்னால் ஒரு வேலை. வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டை ஊருக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், நம் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு பாயும்.