நாகர்கோவில் மொட்டை மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் உரநீரில் வளர்க்கும்) தக்காளி: பூவெல்லாம் கொட்டுகிறது, எந்த உரம் குறைவு?

உரம் எதுவும் குறையவில்லை. நாலு அங்குல பிவிசி குழாயில் வைத்த செடி ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது, இலை பச்சையாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரி வாக்கில் நட்டு, ஏப்ரலில் பூ பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பு அங்கேதான்.

இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெடத் தொடங்கும். பகலில் 32க்கு மேல் போனால் இன்னும் மோசம். நம் கடலோரத்தில் மார்ச் முதல் மே வரை பல இரவுகள் 25க்குக் கீழே இறங்குவதில்லை. ஈரக்காற்று வேறு, மகரந்தம் நமத்துப்போய் ஒட்டிக்கொண்டு உதிராது. எந்த டானிக் அடித்தாலும் இது சரியாகாது. ஆகஸ்ட் கடைசியில் விதை போட்டு, 25 நாள் நாற்றை எடுத்து நட்டால் நவம்பரில் பூ, டிசம்பரிலிருந்து பறிப்பு. இடையில் வடகிழக்குப் பருவமழை வரும், அதனால் மேலே 200 மைக்ரான் யூவி பாலித்தீன் கட்டாயம். பக்கவாட்டை அடைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் செடியைக் கட்டிய கயிற்றை லேசாகத் தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிர அது போதும்.

அடுத்தது அந்தக் குழாய். நாலு அங்குல பிவிசி குழாய் கீரைக்கும் லெட்டூஸுக்கும் சரி. தக்காளி வேர் இரண்டு மாதத்தில் குழாயை அடைத்துவிடும், தண்ணீர் தேங்கி மேல்பக்கம் வழியும். வெயில் நாளில் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலே செடி தொங்கிவிடும். கீரை செட்டையே தக்காளிப் படம் போட்டு விற்கிறவர்களைப் பற்றி எழுதினால் பதில் நீண்டுவிடும், விடுங்கள்.

தக்காளிக்கு டச்சு பக்கெட்தான். 10 லிட்டர் வாளி, அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வடிகால் எல்போ (வளைகுழாய்), உள்ளே தேங்காய் நார்த்தூள். அந்த 5 செ.மீ. தண்ணீரும் நார்த்தூளின் ஈரமும் கரண்ட் வரும் வரை தாங்கும். வாளிக்கு ஒரு செடி, 45 செ.மீ. இடைவெளி. 5 கிலோ கோகோபீட் (அழுத்திய நார்த்தூள்) கட்டி ஊறினால் ஆறேழு வாளிக்கு வரும். தேங்காய் மட்டை மலைபோலக் கிடக்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கட்டியை ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருப்பது தனி வயிற்றெரிச்சல். ஆனால் காயல் பக்கம் ஊறவைத்த மட்டையின் தூளில் உப்பு ஏறியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அள்ளிவராதீர்கள். எதுவானாலும், வடிகிற தண்ணீரின் இசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm) 0.5க்குக் கீழே வரும்வரை கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் நார்த்தூள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது.

உரம் கலப்பதற்கு முன் வெறும் தண்ணீரின் இசியைப் பாருங்கள். கடலோர போர் தண்ணீர் 1ஐத் தாண்டினால் அதில் இறங்கவே வேண்டாம். மழைத்தண்ணீர் பிடித்துவையுங்கள், நமக்கு இரண்டு பருவமழை இருக்கிறதே.

காய்க்கும் பருவத்தில் 100 லிட்டருக்கு: கால்சியம் நைட்ரேட் 90 கிராம், 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) 40 கிராம், 0-52-34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 50 கிராம், இரும்பு ஈடிடிஏ 2 கிராம், நுண்சத்துக் கலவை பாக்கெட்டில் உள்ளபடி. நாற்றுக்கு இதில் பாதி. கால்சியம் நைட்ரேட்டைத் தனி வாளியில் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள். அடர்த்தியாக இருக்கும்போதே மற்றதோடு சேர்த்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும், அது செடிக்கு உதவாது. நம்மூர் ஈரத்தில் திறந்த மூட்டை ஒரே வாரத்தில் கஞ்சியாகிவிடும், மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ஒரு கிலோ கேட்டால் 25 கிலோ மூட்டையைக் காட்டும் உரக்கடைக்காரர்களிடம் சொல்லிப் பயனில்லை. நாலுபேர் சேர்ந்து வாங்குங்கள்.

கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மை) 5.8லிருந்து 6.3. இசி 2ஐ ஒட்டி. வெளிநாட்டு வீடியோவில் 3.5 என்பார்கள், அது குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடாரக் கணக்கு. நம் வெயிலில் செடி தண்ணீரை அதிகமாகக் குடித்து உப்பை மிச்சம் வைக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றில் இது இன்னும் வேகம். உரநீர்த் தொட்டியில் இசி ஏறினால் வெறும் தண்ணீர், இறங்கினால் உரம். காயின் அடி கறுத்து அழுகினால் உடனே கால்சியத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் தண்ணீர் விட்டுவிட்டுப் போவதோ இசி அதிகமோதான் காரணம். சொட்டுநீரை ஒரு நாளைக்கு எட்டு முறை, ஐந்து நிமிடம் என்று டைமரில் வையுங்கள்; காய்க்கும் செடி 2 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

தொட்டியை நிழலில் வைத்து வெள்ளை அடியுங்கள். தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டினால் ஆக்ஸிஜன் குறைந்து வேர் பழுப்பாகி அழுகும்.

மண்ணில்லை என்பதால் வாடல் நோய் வராது என்று நம்ப வேண்டாம். ஒரு செடியில் பாக்டீரியா வந்தால் சுற்றிவரும் தண்ணீர் மற்ற வாளிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வாடிய செடியை வாளியோடு எடுத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள். அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் நல்லது.

"இது ரசாயனத் தக்காளி" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: சாணம் போட்டாலும் வேர் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் உறிஞ்சுகிறது. உரத்தையும் பூச்சி மருந்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்யும்போது அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள்.