நெதர்லாந்தில் தொழில்நுட்பமும் சமூகமும் பற்றிய படிப்பு: வாருங்கள், ஆனால் டச்சு கற்றுக்கொள்ளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோவையில் கணினிப் பொறியியல் முடித்து, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலையும் பார்த்துவிட்டீர்கள். அறிவியலும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் சமூகத்தை எப்படி வளைக்கின்றன என்று ஆராயும் முதுகலைக்கு நெதர்லாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. ‘கோடிங்கை விட்டுவிட்டு இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போகணும், படிச்சா என்ன வேலை?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் இதே துறையில் இங்கே படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, குடும்பத்தோடு தங்கிவிட்டவன். என் பதில் இதுதான்: தாராளமாக வாருங்கள். ஆனால் டச்சு கற்கும் எண்ணம் துளியும் இல்லையென்றால் வேறு நாட்டைப் பாருங்கள்.

முதலில், ஏன் வரச் சொல்கிறேன் என்பது. நீங்கள் படிக்கப் போகும் விஷயத்துக்காக இந்த நாட்டில் ஓர் அமைச்சரவையே பதவி விலகியிருக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால், கட்டணத்தில் ஒரு பங்கை அரசு முன்பணமாகக் கொடுக்கும். அதற்கு வரும் விண்ணப்பங்களில் எதைத் துருவிப் பார்ப்பது என்று முடிவு செய்ய, 2013 முதல் வரித்துறை ஒரு கணினி மாடலைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அது ஓர் அபாய மதிப்பெண் போடும். விண்ணப்பித்தவர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. மதிப்பெண் கூடினால் கோப்பு ஓர் அதிகாரியின் கைக்குப் போகும். ஏன் கூடியது என்ற விவரம் அவருக்கே கிடையாது. ஒரு கையெழுத்து விட்டுப்போனது, பெற்றோர் தம் பங்கில் கொஞ்சம் குறைவாகக் கட்டியது போன்ற சின்னக் குறைகளுக்காகக்கூட, வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல்லாயிரம் யூரோ கடனில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூழ்கின. வீடு போனது, திருமணங்கள் முறிந்தன, பல குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வந்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை ராஜினாமா செய்தது.

பொறியாளர் என்பதால் ‘மாடல் சரியில்லை, டேட்டாவில் சாய்வு, திருத்தியிருக்கலாம்’ என்றுதான் உங்களுக்கு முதலில் தோன்றும். அது ஒரு துண்டுதான். அதற்கு முன்பே உதவித்தொகை மோசடி பற்றிய செய்திகளால் அரசியல்வாதிகள் கடுமை கேட்டார்கள். சின்னக் குறைக்கும் முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம் என்ற சட்ட விளக்கத்தை நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே 2019 வரை ஏற்று வந்தது. கணினி, சட்டம், அதிகாரி, நீதிபதி, பத்திரிகை எல்லாம் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால்தான் அந்தத் தவறு அத்தனை வருடம் நின்றது. அந்தப் பின்னலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்தப் படிப்பு. கோடிங் தெரிந்த ஒருவர் இதையும் கற்றுக்கொண்டால், அவரைப் போல் இந்த வேலைக்குப் பொருத்தமானவர் கிடையாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அரசின் பல துறைத் தகவல்களைச் சேர்த்து மோசடி செய்யக்கூடியவர்களைக் கணிக்கும் ‘சிரி’ (SyRI) என்ற கணினி அமைப்பை ரோட்டர்டாம் போன்ற நகரங்களின் ஏழைப் பகுதிகளில் இறக்கினார்கள். 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் நீதிமன்றம், அது தனிமனித வாழ்வை மதிக்கும் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்து நிறுத்தியது.

சரி, டச்சுக்கு வருகிறேன். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கும். கடையிலும் ரயிலிலும் ஆங்கிலமே போதும். அதனால்தான் நம்மவர்கள் பலர் பத்து வருடம் ஆனாலும் டச்சைத் தொடுவதில்லை. ஐடி வேலைக்கு அது பரவாயில்லை. உங்கள் துறைக்கு ஒத்துவராது. காப்பக உதவித்தொகை பற்றிய நாடாளுமன்ற விசாரணையில் அமைச்சர்களும் அதிகாரிகளும் சொன்ன பதில்கள், நகராட்சிக் கூட்டக் குறிப்புகள், நீல உறையில் வரும் வரித்துறைக் கடிதம், அதைப் பிரித்த தாய் என்ன நினைத்தாள் என்பது, எல்லாமே டச்சில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கிடைப்பது பிறர் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது மட்டும். பாதிக்கப்பட்டவரிடம் நேரில் உட்கார்ந்து பேச முடியாத ஆய்வாளர் என்னத்தை எழுதுவார்?

துறையின் இன்னொரு பக்கம் அறிவியலையே ஆராய்வது. யார் எழுதியது அறிவு என்று கணக்கில் வருகிறது, யார் எழுதியது வருவதில்லை என்ற கேள்வி. ஊரில் பிஎச்டி மாணவர்களைப் பார்த்து ‘ஸ்கோபஸ் பேப்பர் இருக்கா?’ என்று கேட்பார்களே, ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் அந்த ஸ்கோபஸ் தரவுத்தளத்தை நடத்தும் எல்சேவியர் பதிப்பகத்தின் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில்தான் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் போகும் தூரத்தில் லைடன் நகரம். எண்களை வைத்து ஆய்வை எடைபோடுவது பற்றிப் பல்லாண்டுகளாக ஆராயும் மையம் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எண்கள் நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்க வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று தொடங்கும் பத்து நெறிகளை, 2015-இல் லைடன் அறிக்கை என்ற பெயரில் வெளியிட்டவர்களில் அந்த மையத்தினரும் உண்டு. ஆங்கிலத்தில் வராவிட்டாலும், அந்தந்த ஊருக்குத் தொடர்புள்ள தரமான ஆய்வைக் காக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நெறி. நல்ல தமிழ் ஆய்வுக் கட்டுரை இந்தப் பட்டியல்களில் இடமே பெறாமல் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சொந்தப் பிரச்சினை. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடினால் இங்கிருந்தே தொடங்கலாம்.

வீட்டில் கேட்கும் வேலைக் கேள்விக்கு: நகராட்சிகள், அமைச்சகங்கள், தரவுப் பாதுகாப்பு ஆணையம், தொழில்நுட்பம் சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும், ஹேக்கில் உள்ள ராத்தெனாவ் நிறுவனம், தணிக்கை நிறுவனங்கள் எல்லாம் அல்காரிதங்களைச் சோதிக்கவோ ஆராயவோ ஆள் எடுக்கின்றன. பெரும்பாலான விளம்பரங்களில் டச்சு கட்டாயம். முனைவர் பட்டம் என்றால் இங்கே அது பெரும்பாலும் சம்பளத்தோடு நான்கு வருட வேலை. அதற்கு ஆங்கிலமே போதும், ஆனால் போட்டி கடுமை. படிப்பு முடிந்தபின் வேலை தேட ஒரு வருட அனுமதி கிடைக்கும்.

பணத்தில் கணக்காக இருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் அதிகம். பகுதிநேர வேலை வாரம் 16 மணி நேரம்தான், அதற்கும் உங்களுக்காக முதலாளி அரசிடம் வேலை அனுமதி வாங்க வேண்டும். வேலையில் சேர்ந்தால் டச்சு மருத்துவக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். அறை கிடைப்பது பெரும்பாடு. அறையையோ ஒப்பந்தத்தையோ சரிபார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். முகவரியைப் பதிய முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிய முடியாத அறை வேண்டாம். நகராட்சியில் பதிந்தால்தான் குடிமக்கள் சேவை எண் வரும். சம்பளம் முதல் மருத்துவர் வரை எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடுகிறது. அப்புறம் அரசு இணையதளத்தில் நுழைந்து, உங்களைப் பற்றி அரசு என்னென்ன பதிந்து வைத்திருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். உங்கள் படிப்பின் முதல் களப்பணியாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் 10-க்கு 7 வந்தால் வருத்தப்படாதீர்கள், இங்கே அது நல்ல மதிப்பெண். டச்சு வகுப்பைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மொழி மையத்தில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். விசா வந்த கையோடு பதிந்துவிடுங்கள்.