பெக்டினைத் தூளாக வாங்கிச் சாப்பிட வேண்டுமா?

கொலஸ்ட்ராலைக் குறைக்கப் பெக்டின் தூள் வாங்க வேண்டுமா, பழமும் காய்கறியும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்குப் பழமும் காய்கறியுமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பெக்டின், தாவரச் செல்சுவர்களில் இருந்துகொண்டு செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நார்ச்சத்து. அதைச் செரிக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை என்பதால், நீரை ஈர்த்துக் கூழாகி, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தையும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தையும் குறைக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களில், அந்தக் கூழில் சிக்கும் ஒரு பகுதி மலத்தோடு வெளியேறிவிடுவதால், அவற்றைப் புதிதாக உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் குறைவது இப்படித்தான். இது மிதமான குறைவே. மருத்துவர் தந்த மாத்திரைக்கு மாற்றாகாது.

இனி அளவு. ஓர் உணவுப்பொருளிலிருந்து நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின் கிடைத்தால் மட்டுமே, அது கொலஸ்ட்ராலை இயல்பான நிலையில் வைத்திருக்க உதவும் என்று விளம்பரப்படுத்தலாம் என 2012-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி சொல்கிறது. ஆப்பிளில் இருப்பது ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு, அதாவது 150 கிராம் பழத்தில் சுமார் 2 கிராம். ஆப்பிளை மட்டும் நம்பினால் நாள்தோறும் மூன்று பழங்கள் வேண்டும் என்றாலும், ஆரஞ்சு, கேரட் போன்றவையும் உணவில் இருந்தால் அந்த அளவை நெருங்குவது கடினமல்ல.

ஆனால் பழத்தைப் பழமாகவே சாப்பிட வேண்டும். தெளிந்த ஆப்பிள் சாற்றைத் தயாரிக்கும்போது பெக்டினை நொதிகளால் சிதைத்து நீக்கிவிடுகிறார்கள். 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், சம அளவு சர்க்கரை கொண்ட முழு ஆப்பிளையும் நாரற்ற சாற்றையும் ஒப்பிட்டபோது, சாறு குடித்தபின் வயிறு நிறைந்த உணர்வு குறைவாகவும் இன்சுலின் ஏற்றம் அதிகமாகவும் இருந்தன. ஜாமிலும் பெக்டின் உண்டு; ஆனால் அதோடு சேரும் சர்க்கரை மிக அதிகம்.

சிறுகுடலைக் கடந்த பெக்டினைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து, அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள் என்பதால், கொலஸ்ட்ராலைவிட இந்தப் பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தூளைத் திடீரென அதிகமாக எடுத்தால் வாயுத் தொல்லையும் வயிற்று உப்புசமும் வரலாம். மேலும், கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் லோவாஸ்டேட்டின் போன்ற சில மருந்துகள் உடலில் சேர்வதைப் பெக்டின் குறைக்கக்கூடும். ஆகவே ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே தூளைத் தொடங்க வேண்டும்.